ரீச்சர் கை

வலது தோள்மூட்டு விடியற்காலையிலேயே உளையத் தொடங்கிவிட்டது. குலைந்த தலைமயிரை அள்ளி முடியக் கையைத் தூக்கினாள் கோணேஸ்வரி. கை காதளவில் நின்றுவிட்டது. இடக்கையால் ஒருமாதிரிச் சுற்றிச் செருகிக்கொண்டு திரும்பவும் கயிற்றைப் பிடித்தாள். வலை இன்னும் தூரத்தில் கிடந்தது.

"என்ன அக்கா, மூட்டுக் கழண்டு போச்சோ?" முன்னால் நின்ற லதீசன் திரும்பாமலே கேட்டான்.

"உன்ர வாயைக் கழட்டினா எனக்கு எல்லா நோவும் மாறும். இழு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் கயிறு கொஞ்சம் தளர்ந்தது. சம்மாட்டி அருளம்பலம் தூரத்தில் இருந்து கத்தினார். வலைக்கும் தோணிக்கும் அவர்தான் சொந்தக்காரர், கத்துவதற்கும் அவருக்கு மட்டுமே உரிமை இருந்தது.

சல்லி ஊரின் கடற்கரையில் அவருடைய கரைவலையை இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஆண்களுக்குள் ஒரே பெண் கோணேஸ்வரி. அவள் இந்தக் கயிற்றைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்குத் தொட்டது, பட்டணத்து ஓர்ஸ் ஹில்லில் இருந்து வரப்போகிற ஒருத்தி பார்க்கவேண்டும் என்பதற்காக.

ஊரின் முன்பள்ளி மீனவர் சங்கக் கட்டடத்தின் பின்அறையில் நடக்கிறது. தேனுகா ரீச்சர் அதைத் தொடங்கியபோது பிள்ளைக்கு இவ்வளவு என்று பெற்றோர் மாதாமாதம் தருவதாகப் பேச்சு. முதல் மாதம் பாதிப் பேர் தந்தார்கள். அடுத்த மாதம் ரீச்சரைக் கண்டதும் வேலிப்பக்கம் திரும்பி நின்றார்கள். கடலை நம்பி இருக்கிறவனுக்குக் காசு வருகிற நாளும் ரீச்சரைக் காண்கிற நாளும் ஒன்றாக வராது. தன்னால் இனி ஏலாது, பட்டணத்தில் ஒரு கடையில் வேலை தேடிவைத்திருக்கிறேன் என்று ரீச்சர் சொன்ன கிழமைதான் அருளம்பலம் கடற்கரையில் வலை வைக்கிற வாடிக் கொட்டிலுக்குள் பெற்றோரைக் கூப்பிட்டார்.

"காசு கேட்டா நீங்கள் ஒளிப்பியள். எனக்கு உங்களைத் தெரியும். காசை விடுவம். வேலையைத் தாங்கோ."

கரைவலையில் கயிறு பிடித்தவருக்குத்தான் பங்கு. ஓர் ஆளின் பங்கைக் கை என்பார்கள். கயிறு பிடிக்காதவர் சம்மாட்டியின் மாமனாராக இருந்தாலும் கறிக்கு நாலு சூடை மீனை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். ரீச்சர் வகுப்பை விட்டுவிட்டுக் கயிறு பிடிக்க வர ஏலாது. ஆகவே பிள்ளைகளின் வீடுகளில் இருந்து முறை வைத்து நாளுக்கு ஓர் ஆள் ரீச்சருக்காக வந்து இழுப்பது என்று முடிவாயிற்று. அந்தக் கைக்கு விழுகிற காசும் மீனும் ரீச்சருக்கு. அதற்கு ரீச்சர் கை என்றே பெயர் விழுந்துவிட்டது.

கோணேஸ்வரியின் வீட்டில் இழுக்கப்போக அவளைத் தவிர ஆளில்லை. புருஷன் கட்டாருக்குப் போய் அங்கேயே வேறு வாழ்க்கை தேடிக்கொண்டவன். மூத்தவன் யதுர்சன் அப்போது முன்பள்ளியில் படித்தான். அவள் உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் கட்டில் சீலைகளைத் துவைக்கிறாள். பிள்ளையை ஒருமுறை வேலைக்குக் கொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருத்திப் பார்த்தாள். மத்தியானத்துக்கு முன்னரே, பிள்ளையோடு வருவதென்றால் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முன்பள்ளி மூடினால் அவளுடைய வேலையும் போகும். அதில் சுற்றிவளைக்க ஒன்றும் இல்லை.

ஆகவே அவள் முதல்நாள் கயிற்றைப் பிடித்தபோது "பொம்பிளைக் கைக்கு அரைப்பங்கோ முழுப்பங்கோ" என்று கேட்டவனைப் பார்த்து, "உன்ர பங்கையும் சேர்த்துத் தா, பிறகு சொல்லுறன்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. தன் முறையை இழுத்தாள். வரமுடியாதவர்களின் முறையையும் இழுத்தாள். எட்டு மணிக்குள் வலை கரைக்கு வந்துவிடும், அங்கிருந்தே வேலைக்குப் போகலாம். மற்றவர்கள் பிறகொரு நாள் வந்து அவளுடைய முறையை இழுத்துக் கடனைத் தீர்த்தார்கள். லதீசன்தான் தீர்க்கவில்லை. அவனுடைய மகனும் அங்கேதான் படித்தான். லதீசன் சம்மாட்டியின் ஆள், ஆனால் வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றி டொல்பின் காட்டுகிற ஓட்டம் கிடைத்தால் வலையை விட்டுவிட்டுப் போய்விடுவான். முறை வருகிற நாள் பார்த்து அவனுக்கு ஓட்டம் வரும்.

"அக்கா, என்ர முறையை இண்டைக்கு ஒருக்காப் பிடியுங்கோ. நான் பிறகு இழுத்துத் தாறன்."

அந்த ஒருக்கா பலமுறை வந்தது.

ஸெய்னுதீன் குடும்ப நிதியத்தைப் பற்றிச் சல்லியில் அதுவரை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. கிண்ணியா ஸெய்னுதீன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பிறகு ஒரு லொறி வாங்கினார், பிறகு இன்னும் சில, கடைசியில் சீமெந்துக் கடை. அவர் மௌத்தான பிறகு பிள்ளைகள் மூன்றுபேரும் சேர்ந்து அவர் பெயரில் நிதியம் வைத்து, ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டின் முன்அறையை அலுவலகம் ஆக்கினார்கள். புல்மோட்டையில் மாலை வகுப்பு, மூதூரில் கிழடுகட்டைகளைக் கண் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக ஒரு வேன், இப்படி. இடங்களைப் போய்ப் பார்ப்பது மூத்த மகள் றிஷானா.

அவள் முதல்முறை வந்தது முன்பள்ளிக்கு விளையாட்டுச் சாமான் கேட்டு ரீச்சர் எழுதியிருந்ததால். வந்த நேரம் கடற்கரையில் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். தனியாக இருந்த கூடையைக் காட்டி, "இது யாருக்கு?" என்று கேட்டாள். சொன்னார்கள். தோணியின் விளிம்பில் ஏறி இருந்துகொண்டு முழுக்கதையையும் கேட்டாள். இழுத்து முடித்துச் சேலைத்தலைப்பால் முகம் துடைத்துக்கொண்டிருந்த கோணேஸ்வரியிடமும் நாலு கேள்வி கேட்டாள்.

"எங்கட வாப்பா சொல்வார்," என்றாள் றிஷானா. "மூட்டைய முதுகுக்கு ஏத்த இன்னொரு ஆள்ட கை வேணும். ஆனா குனியாம நிக்கிறவனுக்குப் போய்க் கை குடுக்கக் கூடாதாம். ஊர் தானாக் குனிஞ்சு தூக்குற இடத்துல மட்டும்தான் நாங்களும் ஒரு பக்கம் பிடிக்கிற. இங்க பிடிக்கலாம்."

விளையாட்டுச் சாமானும் வந்தது, ரீச்சருக்கு மாதச் சம்பளமும் வந்தது.

சம்பளம் வந்த கிழமையே அருளம்பலம் சொன்னார்: "இனி ரீச்சர் கை வேண்டாம். மாசச் சம்பளம் எடுக்கிற பிள்ளைக்குக் கூடையில மீன் கொண்டுபோய்க் குடுத்தா, அவவை நாங்கள் இன்னும் இரந்து தின்னுறவ எண்டு நினைச்ச மாதிரி இருக்கும்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ரீச்சருக்கும் மீன் வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. கோணேஸ்வரிக்கும் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்தநாள் விடிந்த பிறகும் பாயில் கிடந்தாள்.

றிஷானாவிடம் யாரும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று ஒருவரும் நினைக்கவும் இல்லை. நாங்கள் மரியாதையாக நடந்துகொண்டோம் என்று ஆரிடமாவது போய்ச் சொல்வார்களா?

போன திங்கட்கிழமைதான் நிதியத்தில் வேலை செய்கிற பஹ்மி ரீச்சருக்குப் போன் எடுத்தான். மெடம் வியாழக்கிழமை வருகிறா. வலை இழுக்கிற நேரத்துக்கே வரவேண்டுமாம். ரீச்சர் கையைப் படம் எடுக்கவேண்டுமாம். மெடத்தின் தம்பிமார் இரண்டுபேரும் கொழும்பில் இருந்து வந்து அடுத்த வருடத்துக்கு எந்த எந்த இடத்துக்குத் தருவது என்று கூடிப் பேசப்போகிறார்கள்.

வாடியில் எல்லோர் முகமும் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் லதீசன்தான் வழி கண்டுபிடித்தான்.

"ஒரு நாள்தானே. கோணேசக்கா வந்து பிடிக்கட்டும். கூடையை வைப்பம். படம் எடுத்துக்கொண்டு போகட்டும்."

"ஏன், உன்ர மகனும் அங்கதானே படிக்கிறான்? நீ பிடியன்," என்றாள் கோணேஸ்வரி.

"அவ போனமுறை கண்டது உன்னைத்தான் பிள்ளை," என்றார் அருளம்பலம். "உன்னைத்தான் தேடுவா."

யதுர்சன் இப்போது முதலாம் ஆண்டுக்குப் போய்விட்டான். ஆனால் சின்னவள் இந்த வருடம்தான் முன்பள்ளியில் சேர்ந்திருந்தாள். கோணேஸ்வரி வந்து கயிற்றைப் பிடித்தாள்.

நிதியத்தின் டபிள் கெப் வாகனம் பனைகளுக்குள்ளால் வந்து நின்றபோது வலையின் மடி கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. றிஷானா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தாள். பின்னால் பஹ்மி. ரீச்சர் ஏற்கெனவே வந்து ஓர் ஓரமாக நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், முகம் மட்டும் காய்ச்சல்காரியின் முகமாக இருந்தது.

பெரிய மீன்பாடு இல்லை. சூடையும் கொஞ்சம் கும்பளாவும் வந்தது, அதற்குள் ஒரேயொரு பெரிய பாரை. அருளம்பலம் குனிந்து அந்தப் பாரையைத் தூக்கி ரீச்சர் கூடையின் மேல் வைத்தார். வலைக்காரர் மத்தியில் ஒரு முனகல் எழுந்தது.

"இந்தப் பாரையை ரீச்சர் கனவிலயும் கண்டிருக்க மாட்டா," என்று யாரோ முணுமுணுத்தார்.

"பொத்து வாயை. படம் எடுக்கினம்."

றிஷானா படம் எடுத்தாள். பிறகு நேரே கோணேஸ்வரியிடம் வந்து, "எப்படி இருக்கிறீங்க?" என்று இரண்டு கையாலும் அவளுடைய கையைப் பிடித்தாள். கோணேஸ்வரிக்கு உயிர் போனது. ஸ்ஸ் என்று கையை இழுத்துக்கொண்டாள். றிஷானா அந்தக் கையைத் திரும்ப எடுத்து விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் வரிசையாகக் கொப்புளங்கள். இரண்டு உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

"எங்கட வாப்பா வேலைய விட்டுப் பத்து வருஷத்துக்குப் பிறகும் அவர்ட கை மரக்கட்டை மாதிரித்தான் கிடந்த," என்றாள் மெல்ல. "கயிறு பழகின கை இப்படிக் கொப்புளிக்காது. கடைசியா எப்ப இழுத்தீங்க?"

ஆண்கள் எல்லோருக்கும் திடீரென்று வலையில் வேலை வந்துவிட்டது. லதீசன் இல்லாத கிழிசலைத் தேடினான். அருளம்பலம் கடலைப் பார்த்தார்.

போன கிழமை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கோணேஸ்வரிக்குத் துவைக்கிற தொட்டியும் சின்னவளும் கண்ணுக்குள் வந்தார்கள். அதோடு இன்னொன்றும் வந்தது. இந்தப் பொய்யைச் சொன்னால் இவர்கள் வருகிற ஒவ்வொரு முறையும் வந்து இழுக்கப்போவது யார்? லதீசனா? பொய்க்கும் அவளுடைய தோள்தான் வேண்டியிருக்கும்.

"உங்கட சம்பளம் வந்த பிறகு ரீச்சர் கையை ஒருத்தரும் இழுக்கேல்ல," என்றாள். "இண்டைக்குத்தான். அதுவும் உங்களுக்குக் காட்ட."

"அக்கா!" என்றான் லதீசன்.

"என்ன அக்கா? வேணுமெண்டா நீ வந்து கையைக் காட்டு."

அருளம்பலம் வந்து விளக்கம் சொன்னார். இரந்து தின்பது, குறைத்துப் பார்ப்பது, மரியாதை எல்லாவற்றையும் சொன்னார். றிஷானா போனமுறை போலவே தோணி விளிம்பில் ஏறி இருந்து கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை. அதுதான் அருளம்பலத்துக்குப் பயமாக இருந்தது. பேச்சு முடிந்த பிறகும் அவர் ஒரு காரணமும் இல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

"அப்ப நாங்க ஒரு பக்கம் பிடிச்சதும் நீங்க மத்தப் பக்கத்தை விட்டுட்டீங்க," என்றாள் றிஷானா.

"மரியாதைக்குத்தான் விட்டனாங்கள் தங்கச்சி."

"வெளங்குது. மூட்டை விழுந்தா மரியாதையா விழுந்ததெண்டு யாரும் சொல்லமாட்டாங்களே." பிறகு ரீச்சர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க ரீச்சர். மீன் இல்லாததுல உங்களுக்கு என்ன குறை?"

தேனுகா அவ்வளவு நேரமும் சேலைக் கரையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மீன் இல்லாதது குறையில்ல மெடம். சம்பளம் எனக்குக் காணும்," என்றாள். "ஆனா முறைக்கு இழுக்க வாறவை கூடையைத் தர அப்படியே பள்ளிக்கும் வருவினம். என்ர பிள்ளை என்ன செய்யிறான் எண்டு கேப்பினம். ஓடு விலகிக் கிடந்தா ஏறிச் சரிப்படுத்திப்போட்டுப் போவினம். கை நிண்ட பிறகு ஒருத்தரும் வாறேல்ல. தண்ணி டாங்கி வெடிச்சு எவ்வளவு நாள்? நான் வீட்டில இருந்து பிள்ளையளுக்குப் போத்தில்ல தண்ணி கொண்டு வாறன். கேட்டா, சம்பளக்காரி பாத்துக்கொள்ளுவா எண்டினம்."

டாங்கி வெடித்தது கோணேஸ்வரிக்கும் தெரியும். காலையில் சின்னவளை வாசலில் விட்டுவிட்டு ஓடுகிறபோது தினமும் அதைக் கடந்துதான் ஓடினாள்.

றிஷானா இறங்கி மணலைத் தட்டினாள்.

"இதை மறைச்சுட்டு எண்ட தம்பிமாரோட கதைக்க எனக்கு ஏலாது. இந்த வருஷம் முடியுமட்டும் சம்பளம் வரும், அதுல மாத்தமில்ல. அடுத்த வருஷம் வாறதெண்டா கை திரும்பக் கயித்துல இருக்கணும். மீன் ரீச்சருக்குப் போகணுமெண்டு நான் சொல்லல்ல. யாருக்கெண்டு நீங்க முடிவெடுங்க. பஹ்மி வருவான். எப்ப வருவானெண்டு போன் எடுத்துச் சொல்லமாட்டான்."

"பிள்ளையளுக்குச் சமைச்சுக் குடுப்பம்," என்றாள் தேனுகா. "பாதிப் பிள்ளையள் விசுக்கோத்தோடதான் வருதுகள்."

அது ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை. மீனுக்கு வழி கிடைத்துவிட்டது. இனி ஆள் வேண்டும். நாளைக்கு முதல் முறை யாருடையது என்று அருளம்பலம் கேட்டார். கேட்டு முடிக்க முன்னமே எல்லாக் கண்ணும் பழக்கதோஷத்தில் கோணேஸ்வரி பக்கம் திரும்பின.

"என்னைப் பாக்காதையுங்கோ," என்றாள் அவள். "என்ர முறை வரேக்கை நான் வருவன். இண்டைக்கு இழுத்ததும் என்ர முறைதான், அதைக் கணக்கில வையுங்கோ. லதீசன்ர முறையில ஆறு கை நான் இழுத்தது. பிறகு தாறன், பிறகு தாறன் எண்டவன். முதல் அவன் வந்து பிடிக்கட்டும்."

"ஆறோ!" என்றார் அருளம்பலம். "ஏன்டா, கட்டின மாடு மாதிரி இழுத்திருக்கிறாளேடா!"

"நாளைக்கு எனக்கு ஓட்டம் இருக்கு அண்ணை," என்று லதீசன் தலையைச் சொறிந்தான். "நாலு வெள்ளையள். அட்வான்சும் வாங்கிப்போட்டன்."

"டொல்பினுக்கு உன்னை விட்டா ஆள் இல்லையாம்," என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். லதீசனும் சிரித்தான். அவனுக்கு அது எப்போதும் சுகமான வழி.

றிஷானா போய்விட்டாள். பாரையைத் திருப்பி எடுக்க வலைக்காரருக்கு மனம் வரவில்லை, விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் அருளம்பலம் வயிற்றெரிச்சலோடு அதைப் பள்ளிக்கு அனுப்பினார். அன்றைக்குப் பிள்ளைகள் பாரை தின்றார்கள். கோணேஸ்வரி நேரம் பிந்தி வேலைக்குப் போய்ப் பேச்சு வாங்கினாள். சோப்புத் தண்ணீர் கொப்புளங்களில் பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்தநாள் விடிய விழிப்பு வந்தும் அவள் எழும்பவில்லை. கடற்கரைச் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். கத்துகிறது அருளம்பலம், தெரிந்தது. ரீச்சர் கையில் யார் நிற்கிறார் என்பது தெரியவில்லை. ஒருவரும் வந்திராவிட்டால்? போய்ப் பிடித்துவிடலாமா என்று இரண்டுமுறை எழும்பி இருந்தாள். தோள் வலித்தது. திரும்பப் படுத்தாள். இப்போது போனால் சாகுமட்டும் போகவேண்டும்.

சின்னவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போனாள். கயிற்றில் அவள் நின்ற இடத்தில் மேசன் வேலை செய்கிற ஒரு தகப்பன் நின்றான். கடல் வேலை தெரியாதவன். கயிற்றைச் சீமெந்து வாளி தூக்குவது போலப் பிடித்துக்கொண்டு வலைக்காரரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தான். லதீசனைக் காணவில்லை. ஆனால் மேசன் கூடையைப் பள்ளிக்குக் கொண்டுபோனான். வெடித்த டாங்கியைச் சுற்றிப் பார்த்து, இதைப் பூச ஏலாது, வேறு வைக்கவேண்டும் என்றான். கிழமை முடிய முன் வேறொன்று வைத்தார்கள், அருளம்பலத்தின் வளவில் சும்மா கிடந்தது.

பிறகு ஒரு தாய் வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கோணேஸ்வரிக்குத் தன் முறை வந்தபோது கயிற்றில் அவள் மட்டும் பெண்ணில்லை. தோள் முன்னைப் போல வலித்தது, ஆனால் மாதத்தில் இரண்டொரு நாள்தான். ஆள் வராத நாட்களும் இருந்தன. அன்றைக்குக் கூடை இல்லை, பிள்ளைகள் விசுக்கோத்துத் தின்றார்கள். பஹ்மி இரண்டு முறை மோட்டார் சைக்கிளில் வந்தான். ஒருமுறை கை இருந்தது. மற்றமுறை இல்லை. இரண்டையும் அப்படியே போய்ச் சொன்னான்.

வாடைக்காற்றுத் தொடங்கி வலையைக் கரையேற்றிய பிறகு றிஷானா ரீச்சருக்குப் போன் எடுத்தாள். தம்பிமாரில் ஒருவர் வேண்டாம் என்றாராம், மற்றவர் ஓம் என்றாராம். இன்னும் ஒரு வருடம் தருவோம், ஒரு வருடம் மட்டும், அதற்குப் பிறகு திரும்பவும் பார்ப்போம் என்றாளாம். கோணேஸ்வரிக்கு அது போதும். ஒரு வருடம் என்றால் ஒரு வருட வேலை.

லதீசனும் கடைசியில் வந்து இழுத்தான். ரீச்சர் அவனுடைய மகனிடமே, "உங்கட அப்பா எப்ப வருவார்?" என்று கேட்ட பிறகு, தன் முறைக்கு வந்தான். பழைய கணக்கைப் பற்றிக் கேட்டால், "வாற சீசனுக்குக் கட்டாயம் அக்கா" என்கிறான்.

அவன் கோணேஸ்வரிக்கு ஆறு கை இழுத்துக் கொடுக்கவேண்டும். இன்னும் ஒன்றுகூட இழுக்கவில்லை.